தொண்ணூற்றெட்டா, எக்ஸ்பியா

என்னிடம் இருந்த கம்பியூட்டர் கப்பலில் வந்தது. கனடாவிலிருந்து மகள் அனுப்பியது. கடலில் அதற்குத் தலைச்சுற்று வந்திருக்க வேண்டும். கண்டிக்கு வந்து எத்தனையோ வருஷமான பிறகும், மின் ஆளியைப் போட்டால் மேசையோடு சேர்ந்து இடமும் வலமும் ஆடிக்கொண்டுதான் கண் விழிக்கும். மழைக்காலத்தில் கண் விழிக்கவே மாட்டாது. எங்கள் கட்டுக்கலைக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, நுவரெலியாவில் போஸ்ட்மாஸ்டராக இருந்த காலத்து என் கம்பளி மப்ளரை அதைச் சுற்றிக் கட்டினேன். அன்றிலிருந்து எழும்பியது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மப்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

எழும்பினாலும் ஆறுதலாகத்தான் எழும்பும். ஆளியைப் போட்டுவிட்டு நான் சந்தைக்குப் போய், முருங்கைக்காய் விலை கேட்டு, சண்டை பிடித்து, வாங்காமல் திரும்பி வருவேன். திரையில் அப்போதும் தொடக்கப் படத்து மேகம்தான் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருந்தது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. ஊரெல்லாம் எக்ஸ்பிக்கு மாறிவிட்டது, நீங்கள் எப்போது மாறப்போகிறீர்கள் என்று அதைத் திருத்த வரும் றிஸ்வி ஒவ்வொரு முறையும் கேட்பான். றிஸ்விக்கு அக்குறணையில் கடை. எனக்கு என்ன அவசரம்? கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு, யாராவது கேட்டால் ஒரு விண்ணப்பம். செத்தவர்களுக்கும் பிள்ளையாருக்கும் தொண்ணூற்றெட்டு தாராளமாகப் போதும்.

மேல்வீட்டில் விவேகானந்தனும் இரஞ்சிதமும் வாடகைக்கு இருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை மூடியதால் ஊருக்குப் போக முடியாமல் கண்டியிலேயே நின்றுவிட்டவர்கள். அவன் கெலிஓயாவில் ஒரு டியூட்டரியில் புவியியல் படிப்பித்தான். அவள் பாலர் பாடசாலை ஒன்றில் வேலை. பின்னேரங்களில் அவன் கீழே இறங்கி வந்து என் கம்பியூட்டரில் பாடக் குறிப்புகள் அடிப்பான். என் பிரின்டர் தாளைத் தின்னுமே தவிர எழுதாது. ஆகையால் குறிப்புகளைச் சீடியில் ஏற்றிக்கொண்டுபோய், கெலிஓயாவில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் அச்செடுப்பான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை பிடிபடாது. அந்த நாட்களில் நாங்கள் தமிழ் அடித்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு மேலே போர்த்த போர்வை மாதிரி. ‘அம்மா’ என்று வரவேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிக்க வேண்டும். அரைப்புள்ளி போய் ‘ம’ மேல் குற்றாக உட்காரும். எழுத்துரு இருக்கிற கம்பியூட்டரில் பார்த்தால் அம்மா. இல்லாத கம்பியூட்டரில் போர்வை விலகி, எம்மும் கேயும் அரைப்புள்ளியும் அப்படியே நிற்கும். எங்களோடு புழங்கிய எல்லோரிடமும் அந்த எழுத்துரு இருந்தது. அது இல்லாத ஒரு கம்பியூட்டர் உலகத்தில் இருக்கும் என்றோ, அதில் யாராவது எங்கள் எழுத்தைத் திறந்து பார்ப்பார்கள் என்றோ ஒருவரும் யோசிக்கவில்லை. விவேகானந்தன் புவியியல் படித்தவன். அவனும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்தம் மறுபடி மூண்டிருந்த நேரம். கெலிஓயா பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். விவேகானந்தனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், பையில் சீடி. அவனைப் பிடித்தார்கள். சீடியைக் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்துக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புத்தம்புதுக் கம்பியூட்டர். அதில் தமிழ் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், நடுநடுவே இலக்கங்களும் வந்தன. இலக்கங்களை எழுத்துரு மாற்றுவதில்லை. உயரம், நீளம், ஆண்டு எல்லாம் அச்சொட்டாக நின்றன. பார்த்தவர்கள் இரகசிய மொழி என்று முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் தந்தி அடித்த நானே, அது என்னுடையதாக இல்லாவிட்டால், அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரஞ்சிதம் சாப்பாட்டுப் பார்சலோடு போனபோது இன்ஸ்பெக்டர் ஒரு தாளைக் காட்டி, இது யாருக்கு எழுதிய செய்தி என்று கேட்டிருக்கிறார். அவளுக்கும் விளங்கவில்லை. முதல் சில எழுத்துகளை மனதில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். டி, பி, எஃப், பிறகு ஒரு அரைப்புள்ளி. எனக்கும் முதலில் ஒன்றும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விசைப்பலகை இருப்பதாக நினைத்து, மேசையில் விரலால் அடித்துப் பார்த்தேன். மூளைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது. வி. க். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விக்டோரியா.

சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே போயும்விட்டது. அது பத்தாம் வகுப்புக்கான பாடம். மகாவலி, அதன் அணைகள். விக்டோரியா எவ்வளவு உயரம், எவ்வளவு நீர் கொள்ளும், பொல்கொல்லையில் ஆற்றை எப்படித் திருப்பினார்கள், எல்லாம் வரிசையாக இருந்தது. இரகசிய மொழி என்றால் அவர்களால் வாசிக்க முடியாது. தமிழ் என்று நிரூபித்தால் வாசித்துவிடுவார்கள். வாசித்தால், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் கண்டியைச் சுற்றியுள்ள அணைகளை எல்லாம் எழுதி வைத்திருக்கிறான் என்று தெரியவரும். எது பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை. மெதுவாக இரஞ்சிதத்திடம் சொன்னேன்.

“வாசிக்கட்டும் அங்கிள்” என்றாள். “அரசாங்கப் புத்தகத்திலை இருக்கிறதுதானே. வாசிச்சா விளங்கும். வாசிக்கத் தெரியாததாலைதான் அவையளுக்குப் பயம்.”

இரண்டு பேருமாக இன்ஸ்பெக்டரிடம் போனோம். அவர் கத்துகிற மனிதர் அல்ல. கத்துகிறவராக இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். என்னைச் ‘சீயா’ என்று, தாத்தாவை அழைப்பதுபோல மரியாதையாகத்தான் அழைத்தார். எழுத்துருவை ஒரு சீடியில் கொண்டுவந்து உங்கள் கம்பியூட்டரில் போட்டால் எல்லாம் தமிழாகிவிடும் என்று சிங்களத்தில் விளக்கினேன். தமிழர் கொண்டுவரும் சீடியைப் பொலிஸ் கம்பியூட்டரில் போட்டால் தன் உத்தியோகம் போய்விடும் என்றார். அதுவும் நியாயம். அந்த எழுத்துரு உள்ள வேறு கம்பியூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கெலிஓயாக் கடைக்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டார்கள். தன் கம்பியூட்டருக்குத் தமிழே தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு நான் விசாரித்தேன். அந்தக் கிழமை கண்டியில் தமிழ் தெரிந்த கம்பியூட்டர்கள் எல்லாமே ஒரேயடியாகத் தமிழை மறந்துபோயிருந்தன. மறக்காமல் இருந்தது ஒன்றுதான். அது மறப்பதற்கும் நேரம் எடுக்கிற கம்பியூட்டர்.

அதைக் கொண்டுவாருங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அதற்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, கப்பலில் வந்ததிலிருந்து இப்படித்தான் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீடி சான்றுப்பொருள், வெளியே எடுக்க முடியாது, வெள்ளிக்கிழமை தாளோடு தான் வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை றிஸ்வியைக் கூப்பிட்டேன். அவன் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் குடியிருந்தது. வாடகை தராத குடும்பம். அவற்றை வெளியேற்றி, தூசியை ஊதி, ஆளியைப் போட்டுப் பார்த்தான். மேகம் வந்தது. மேகத்திலேயே நின்றது. இன்னொரு தரம் போட்டான். உள்ளே போய், மவுஸ் செத்தது. மூன்றாம் தரம் திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்தில் ஏதோ சாபம் போட்டது.

“சேர், நான் ஒண்டு சொல்லியன், கோவிக்க வாணாம்” என்றான் றிஸ்வி. “இன்ஸ்பெக்டர் வந்து குந்தினப் பொறகு இது ஸ்டக் ஆனா என்ன செய்யிற? எங்கட பேச்சையே பொய்யெண்டு நினைப்பார். எக்ஸ்பி போட்டா ஒரு கரச்சலும் ஈக்காது. தமிழ் எழுத்து ஃபொண்டையும் நானே போட்டுத் தாறன்.”

எக்ஸ்பி சீடித் தட்டு அவன் பையிலேயே இருந்தது. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போட்டால் அந்தக் குறிப்பு அப்படியே இருக்குமா என்று கேட்டேன். இந்தப் பெட்டியில் பழையதை முழுக்கத் துடைத்தால்தான் புதியது ஏறும்; குறிப்பை வேறு இடத்தில் எடுத்து வைத்துத் திருப்பிப் போடலாம்; ஆனால் எல்லாம் இன்றைக்குப் பிறந்ததுபோலத் திகதி மாறிப்போகும் வாய்ப்பு இருக்கிறது என்றான். இன்ஸ்பெக்டர் திகதியைப் பார்த்தால், நேற்று உட்கார்ந்து புதிதாகச் செய்துவைத்தார்கள் என்பார். பார்க்காவிட்டால் பிரச்சினை இல்லை.

ஆக, மாற்றாவிட்டால் இயந்திரம் கழுத்தை அறுக்கும். மாற்றினால் திகதி கழுத்தை அறுக்கும். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அறுபடுவது விவேகானந்தனின் கழுத்து.

அப்போது குசினிக்குள் இருந்து என் மனைவி பத்மாதேவி வந்தாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கம்பியூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது இந்த வீட்டுக்கு வந்தே ஏழெட்டு வருஷம்தான் என்று யாராவது சொல்லலாம். அதற்கு முந்திய வருஷங்களிலும் அவள் பேசியதில்லை.

“இஞ்சேருங்கோ, அந்தத் தம்பி சொல்லுறதைக் கேளுங்கோ” என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “துடைச்சுப்போட்டுப் புதுசைப் போடட்டும். அந்தக் குறிப்பைத் திருப்பிப் போட வேண்டாம். பழசாப் போச்சுது, மாத்தினம் எண்டு சொன்னா ஆர் என்ன சொல்லப்போகினம்? எண்பத்து மூண்டிலை பட்டது காணாதே?”

எண்பத்து மூன்றில் எங்கள் வீட்டை எரித்தபோது அவள் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் குந்தியிருந்தாள். அதைப் பற்றி நான் கதை சொல்லுவதில்லை. எதற்கும் கதை சொல்லுகிற எனக்கு அதற்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கஷ்டம். பழைய கம்பியூட்டரை மாற்றுவது குற்றமா? ஊரே மாற்றியது. ஒரு சொல்லுக் கேட்காமல், ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லாமல், என் வீட்டிலிருந்து விவேகானந்தனைத் துடைத்துவிடலாம். பொய் சொல்லாமல் தப்புகிற வாய்ப்பு என் வாழ்க்கையில் அதற்கு முன்னர் வந்ததே இல்லை.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. றிஸ்வி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு தட்டைச் செருகினான். தொண்ணூற்றெட்டுக்கு வாழ்நாளில் வராத சுறுசுறுப்பு அப்போது வந்தது. தட்டு உறுமிச் சுழன்று, தொடரவா என்று திரை கேட்டது. றிஸ்வியின் விரல் விசைக்கு மேலே நின்றது.

இரஞ்சிதம் மாடிப்படியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

“அங்கிள், மாத்துறதெண்டா மாத்துங்கோ” என்றாள். “நான் குறை சொல்லமாட்டன். அன்ரியின்ரை பயம் எனக்கு விளங்குது. ஆனா எனக்கு இப்பவே சொல்லிப்போடுங்கோ. பின்னேரம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போறன். உங்கடை கம்பியூட்டரைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லவேணும். இல்லாட்டி அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அடி வாங்கிக்கொண்டிருப்பார்.”

அழவில்லை. கெஞ்சவில்லை. பஸ் நேரம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். பத்மாதேவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள். சட்டி ஒன்று பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

“தம்பி, தட்டை எடு” என்றேன்.

“சேர், யோசிச்சுத்தானா?”

“யோசிச்சா எடுக்கச் சொல்லமாட்டன். எடு.”

அவன் எடுத்தான். போவதற்கு முன்னர் மின்விசிறி ஒன்றை மாற்றி, மப்ளரைக் கட்டாயம் கழற்ற வேண்டும், சூடுதான் இதற்கு எமன் என்று சத்தியம் வாங்கினான். நான் சத்தியம் செய்தேன். அவன் தெருமுனை திரும்பியதும் மறுபடி கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு கொன்ஸ்டபிளோடு வந்தார். பத்மாதேவி நல்ல கோப்பைகளில் தேநீர் கொடுத்தாள். நான் ஆளியைப் போட்டேன். மேகம் வந்து நின்றது. ஒன்றும் பேசாமல் நாலு பேர் ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. ஆகையால் நான் ஒரு கதை தொடங்கினேன். கண்டித் தபாற்கந்தோரில் இருந்தபோது பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த ஒரு யானைக்குத் தந்தி வந்ததும், பெயரும் விலாசமும் சரியாக இருந்தபடியால் நானே கொண்டுபோய்க் கொடுத்ததும், பெற்றுக்கொண்டதற்கு அது தும்பிக்கையால் கையொப்பம் வைத்ததும் பற்றிய கதை. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தந்தியில் என்ன இருந்தது என்று கேட்டார். அது உத்தியோக இரகசியம், இளைப்பாறினாலும் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டினார். கொன்ஸ்டபிள் அதை எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் திரை நீலமாகியது. கொன்ஸ்டபிள் எழும்பி, துப்பாக்கியில் கை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனார். நான் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரஞ்சிதம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கதை வரவில்லை. சுவாமி அறையில் பத்மாதேவி மணியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொண்ணூற்றெட்டு ஆடி, முனகி, மேகத்தைத் தாண்டி உள்ளே போனது. இம்முறை மவுஸும் உயிரோடு இருந்தது.

இரஞ்சிதம் குறிப்பைத் திறந்தாள். திரை நிறையத் தமிழ். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். திகதி எங்கே என்று கேட்டார். அவள் காட்டினாள். புருஷனைப் பிடிப்பதற்கு முந்திய கிழமைத் திகதி. அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

“தமிழ் எழுத்தைப் பஸ் போர்டில் பார்த்திருக்கிறேன், இது தமிழ்தான்” என்றார். “ஆனால் என் தாளில் இருப்பதும் இதுவும் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்?”

நான் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னேன்.

“யானைக்குத் தந்தி கொடுத்ததும் நீங்கள்தானே சீயா” என்றார்.

வீட்டில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். சந்தேகமில்லாதவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. தொண்ணூற்றெட்டை உயிரோடு வைத்திருக்க இவ்வளவு பாடுபட்டும், கடைசியில் ஒரு கிழவனின் வாய்க்கொழுப்பில் எல்லாம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

இரஞ்சிதம் கதிரையை இழுத்து இன்ஸ்பெக்டரின் பக்கம் வைத்தாள். அவளுக்குச் சிங்களம் நொண்டும். நொண்டி நொண்டி, ஐயாவுக்கு ‘மாத்தயா’ போட்டுச் சொன்னாள்: “மாத்தயா, நாங்கள் தொடவில்லை. உங்கள் தாளைப் பார்த்து நீங்களே அடியுங்கள்.”

அவர் யோசித்தார். தொப்பியைக் கழற்றிக் கொன்ஸ்டபிளிடம் கொடுத்தார். கதிரையில் உட்கார்ந்து, வெற்றுப் பக்கம் ஒன்றில், தாளைப் பார்த்து ஒற்றை விரலால் டி என்ற விசையை அழுத்தினார். திரையில் ‘வ’ விழுந்தது. பி அழுத்தினார். அதன் தலையில் ஒரு கொண்டை ஏறி ‘வி’ ஆனது. எஃப் அடித்தார், ‘க’ வந்தது. அரைப்புள்ளி அடித்தார். ‘க’வின் மேல் ஒரு குற்றுப் போய் உட்கார்ந்தது. அவர் விரலை எடுத்துவிட்டுக் குற்றைப் பார்த்தார். மறுபடி அரைப்புள்ளியை அழுத்தினார். இன்னொரு குற்று. அழித்துவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

“இவ்வளவு நாளும் நாங்கள் கணக்கெடுத்தது இதைத்தானா?” என்றார். தாள் முழுக்க அரைப்புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு எண்ணியிருந்தார்கள்.

முதல் வரியை அடித்து முடிக்க அவருக்கு அரை மணித்தியாலம் போயிருக்கும். அடித்ததை மேலேயும் விவேகானந்தனின் குறிப்பைக் கீழேயும் வைத்து, கொன்ஸ்டபிள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார். கொக்கிக்குக் கொக்கி, குற்றுக்குக் குற்று ஒன்றாக இருந்தது. கொன்ஸ்டபிள் முகத்தில் பரீட்சையில் பாஸான களை.

“சரி. இந்தச் சொல் என்ன?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

விக்டோரியா மகாராணியின் வாழ்க்கை வரலாறு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மகாராணியின் பிள்ளைகளின் பெயர்கள் வரை தயாராக இருந்தன. இரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

“விக்டோரியா நீர்த்தேக்கம்.”

அவளே தொடர்ந்து, பத்தாம் வகுப்பு, மகாவலி, ஒரு பாடம் முழுக்க அதுதான் என்று சொல்லி, அரசாங்கத்தின் தமிழ்ப் பாடப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தாள். இன்ஸ்பெக்டர் அணையின் படத்தைப் பார்த்தார். படத்துக்குக் கீழே இருந்த இலக்கங்களைத் தன் தாளில் இருந்த இலக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். புத்தகத்தை மூடி, அட்டையில் இருந்த அரசாங்க முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது தமிழ் என்று எழுதுகிறேன்” என்றார்.

“அப்படியானால் அவரை விடுவீர்களா மாத்தயா?” என்றாள் இரஞ்சிதம்.

தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். “இதுவரைக்கும் இது என்னவென்று தெரியவில்லை. எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. இப்போது தமிழ் என்று தெரிந்துவிட்டது. தமிழ் என்றால் அனுப்புவதற்கு ஓர் இடம் இருக்கிறது. கொழும்பில் மொழிபெயர்ப்பார்கள்.”

“எவ்வளவு காலம் எடுக்கும்?”

“அங்கே தமிழ் நிறையச் சேர்ந்துபோய்க் கிடக்கிறது, நோனா.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, வழக்கு முடியும்வரை இந்தக் கம்பியூட்டரில் ஒன்றையும் மாற்றக்கூடாது, நீதிமன்றம் பார்க்கக் கேட்கலாம் என்று எனக்கு உத்தரவு போட்டார். எக்ஸ்பி போடுவதா வேண்டாமா என்று நான் பட்ட பாட்டுக்கு அன்றோடு முடிவு வந்தது. அரசாங்கமே தொண்ணூற்றெட்டைப் பொறுப்பேற்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அதன் சீவியம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பெட்டியைத் துடைக்கச் சொன்ன பத்மாதேவி, இடி முழங்கினால் முதல் ஆளாக ஓடிப்போய் வயரைக் கழற்றினாள். சுவாமி அறைச் சீலையை எடுத்து அதற்குப் போர்த்தினாள். றிஸ்வி செத்த கம்பியூட்டர்களின் உறுப்புகளைக் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் பூட்டினான். கடைசியில் மகள் அனுப்பியதில் மிஞ்சியது தகரமும் குறிப்பு பதிந்திருந்த வன்தட்டும் மட்டும்தான். இரஞ்சிதம் வேலைக்குப் போவதற்கு முன்னர் இறங்கி வந்து ஆளியைப் போட்டு, மேகம் விலகி அந்தக் குறிப்பு திறக்கும்வரை நின்று பார்த்து, அணைத்துவிட்டுப் போவாள். திறக்காத நாட்களில் மறுபடி போடுவாள். பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்க, பாலர் பாடசாலை பிந்தித் தொடங்கும். விவேகானந்தனைக் கண்டியிலிருந்து தூரத்துக்கு மாற்றினார்கள். பிறகு இன்னும் தூரத்துக்கு. அவள் பார்சலோடு பஸ் மாறி மாறிப் போய் வந்தாள். பஸ்ஸில் வைத்து யாரோடும் தமிழில் பேசமாட்டாள் என்று ஒருமுறை பத்மாதேவியிடம் சொன்னாளாம்.

நீதிமன்றம் கம்பியூட்டரைப் பார்க்கக் கேட்கவே இல்லை. மழைக்காலம் ஒன்று போய் அடுத்தது வந்தபோது, இந்த ஆவணம் தமிழ் மொழியில் உள்ளது, பத்தாம் தரப் பாடக் குறிப்பு என்று கொழும்பிலிருந்து இரண்டு வரி வந்தது. அவனை விட்டார்கள்.

மெலிந்து வந்தான். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. பஸ் கதவில் நெரிபட்டது என்றான். பொய்யை நான் தொழிலாகச் செய்கிறவன், கேட்டால் தெரியும். எந்தப் பஸ் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே றிஸ்வி தட்டோடு வந்தான். இனி ஒரு தடையும் இல்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, விசையைத் தட்டினான். தொண்ணூற்றெட்டு, எதிர்ப்பு ஒன்றும் காட்டாமல், கொஞ்சங் கொஞ்சமாகத் துடைபட்டுப் போனது. அந்தக் குறிப்பும் அதோடு போனது. எடுத்து வைக்கவா என்று றிஸ்வி கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. பின்னேரமளவில் புதுத் திரை வந்தது: நீல வானம், பச்சைப் புல்மேடு. மேகம் அதிலும் இருந்தது, ஆனால் சிறியது.

“தமிழ் போடவா சேர்?” என்று றிஸ்வி கேட்டான். என்னைக் கேட்டாலும், பார்த்தது விவேகானந்தனை.

“வேண்டாம் தம்பி” என்றான் விவேகானந்தன். “இங்கிலீஷ் காணும்.”

“அப்ப டியூட்டரி நோட்ஸ்?”

“கையாலை எழுதுவன்.” அந்தக் கையை மடிக்குள் வைத்திருந்தான்.

“போடுங்கோ தம்பி” என்றாள் இரஞ்சிதம்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “உனக்கு விசரோ? பட்டது காணாதே?”

“பட்டது நீங்கள் மட்டுமில்லை” என்றாள். சத்தம் உயரவில்லை. “உங்களுக்கு வேண்டாமெண்டா நீங்கள் தொட வேண்டாம். எனக்கு வேணும். போடுங்கோ தம்பி.”

அவன் எழும்பினான். படிகளில் ஒவ்வொன்றாக, கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறிப் போனான். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பத்மாதேவி மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். றிஸ்வி கையில் தமிழ் எழுத்துருச் சீடியை வைத்துக்கொண்டு யாராவது இன்னொரு சொல்லுச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான். இரஞ்சிதம் அவன் கையிலிருந்து அதை வாங்கி, தானே உள்ளே வைத்துத் தள்ளினாள்.